பெருஞ்சிலந்தியின் பசியும் பட்டினியும்

உலகத்து உயிர்கள் யாவற்றுக்கும் பொதுவாக அமைந்த தொழில் உண்ணுதல். ஆயினும் உண்ணும் வகையும், உண்ணும் அளவும், உண்ணாதிருக்கும் ஆற்றலும் உயிர்தோறும் வேறுபடுகின்றன. மனிதனோ ஒருவேளை உணவு தவறினால் முகம் வாடுகிறான். தான் வளர்க்கும் பிராணி ஒருவேளை உண்ணாவிடினும் அவ்வாறே மனம் வாடுகிறான். தன் வயிற்றைக் கொண்டு பிற உயிர்களின் வயிற்றை அளப்பது அவன் இயல்பு. அவ்வளவுகோல் எத்துணைப் பிழையானது என்பதை எட்டுக் கால்களையுடைய எளிய ஜந்து ஒன்று எமக்கும் எம் நண்பர் ஒருவருக்கும் நன்கு உணர்த்திற்று. அதனை நம் கல்லூரி அன்பர்க்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெரம்பலூர் மாவட்டத்தில், சர்க்கரை ஆலையால் பெயர் பெற்ற எறையூரே அந்நண்பரின் ஊர். இளமையில் விடுமுறை நாட்களில் அவ்வூர்க் கரும்புக் கொல்லைகளின் வரப்புகளிலும் புளியமரத்து நிழல்களிலும் அவரும் யாமும் பூச்சி புழுக்களைத் தேடித் திரிந்ததுண்டு. அவர் இப்பொழுது ஜெர்மனி நாட்டில் தொழில் புரிகின்றார். அந்நாட்டில் நாயும் பூனையும் வளர்ப்பார் போன்றே பெருஞ்சிலந்திகளைக் கண்ணாடிப் பெட்டிகளில் வளர்ப்பாரும் உளர். எம் நண்பரும் அவ்விருப்பத்துக்கு ஆட்பட்டு ஒரு சிலந்தியை வாங்கினார். அது அந்நாட்டிலேயே தலைமுறை தலைமுறையாக வளர்ப்பில் பிறந்ததாயினும், அதன் குலத்துக்குப் பூர்விகம் நம் தமிழ்நாடு என்று அறிந்தபோது அவருக்குண்டான மகிழ்ச்சிக்கு அளவில்லை.

அச்சிலந்தி நெடுநாள் வாழவில்லை. சில வாரங்களாக அது உண்ண மறுத்தமையால் மனம் பொறாத நண்பர், ‘எப்பொழுது பசிக்கிறதோ அப்பொழுது உண்ணட்டும்’ என்று உயிருள்ள சுவர்க்கோழிகள் நான்கைப் பெட்டிக்குள் விட்டுப் பணிமேற் சென்றுவிட்டார். மறுநாள் மீண்டபோது, தோல் உரிக்கும் நிலையில் மல்லாந்து கிடந்த சிலந்தியைச் சுவர்க்கோழிகள் கடித்துக் குதறியிருக்கக் கண்டார். உண்ணுமாறு வைத்த உணவே உண்பானைத் தின்றுவிட்டது. அத்துயரம் ஆறிய பின் அதே இனத்தில் வேறொரு பெண் சிலந்தியை வளர்க்கலானார். அதுவும் வளர்ந்து பெரிதானபின், இரண்டு மாதத்துக்கு மேலாக ஒன்றும் உண்ணாதிருக்கவே அச்சமுற்று எமக்கொரு மடல் விடுத்தார். ‘இதுவும் இறந்துவிடுமோ? வாயைத் திறந்து ஊட்டலாமா?’ என்பது அவர் வினா. அதற்கு யாம் எழுதிய விடையே சற்று விரிந்து ஈண்டு அமைகின்றது.

முதலில் இவ்வுயிரின் பெயரையும் இனத்தையும் அறிதல் வேண்டும். மேனாட்டார் இதனை டாரன்டுலா என்பர். இத்தாலியின் தென்பகுதியில் தாரந்தோ என்றொரு நகரம் உண்டு. அந்நகரைச் சூழ்ந்த வயல்களில் வாழும் ஓநாய்ச் சிலந்தி கடித்தால் பித்துப் பிடிக்கும் என்றும், ஓயாது ஆடினாலன்றி அது தெளியாது என்றும் அந்நாட்டார் முற்காலத்தில் நம்பினர். அச்சிலந்திக்கு வழங்கிய பெயரே பின்னர் அமெரிக்கக் கண்டத்திற் கண்ட, மயிரடர்ந்த பெருஞ்சிலந்திகளுக்கு ஏறிற்று. இக்காலத்து விலங்கு நூலார் இவற்றைத் தெராபோசிடே என்னும் குடும்பத்தில் வைப்பர். இக்குடும்பத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள் உள்ளன. இலங்கைத் தமிழர் தம் நாட்டில் வாழும் இனங்களைப் புலிமுகச் சிலந்தி என வழங்குவர்.

இக்குடும்பத்துள் போசிலோதீரியா என்னும் பேரினம் இந்தியாவிலும் இலங்கையிலுமன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. இவை மரப்பொந்துகளில் வசிப்பவை. சாம்பல், கறுப்பு, மஞ்சள் முதலிய நிறங்களாற் கோலமிட்டது போன்ற உடலுடையவை. போக்காக் என்னும் ஆங்கில அறிஞர் 1899-ஆம் ஆண்டில் இப்பேரினத்துச் சிலந்திகள் பலவற்றை விவரித்தார். அவற்றுள் ரெகாலிஸ் என்பது அரக்கோணத்திலும், பார்மோசா என்பது சேலத்துப் பக்கத்திலும், நீலமணி போன்ற மெட்டாலிகா என்பது ஆந்திர நாட்டுக் கூத்தியிலும் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு பெயரிடப்பட்டவை. 2004-ஆம் ஆண்டில் இராமேசுவரத்துச் சிலந்தி ஒன்று அனுமாவிலாசுமிகா எனப் பெயர் பெற்றது. எம் நண்பர் வளர்ப்பது ரெகாலிஸ் இனம். அதனை அவர் ‘அரக்கோணத்தாள்’ என்றே அழைத்து வருகின்றார்.

இனி அரக்கோணத்தாள் உண்ணும் முறையைக் காண்போம். பிற சிலந்திகளைப் போல இது வட்டமாக வலை பின்னி இரையைச் சிக்க வைப்பதில்லை. இதற்குக் கண்கள் எட்டு உண்டாயினும் பார்வை மிக மங்கலானது. இது நம்பியிருப்பது அசைவை. கால்களிலும் உடலிலும் உள்ள நுண்ணிய மயிர்களும் உணர்ச்சிப் பிளவுகளும் காற்றின் சிறு சலனத்தையும் தரையின் மெல்லிய அதிர்வையும் அறிவிக்கும். இருள் வந்தபின் தன் பொந்தின் வாயிலில் வந்தமர்ந்து, கல்லிற் செதுக்கியது போல் அசையாதிருக்கும். கரப்பானோ சுவர்க்கோழியோ எட்டும் தொலைவில் நடந்தால், இமைப்பொழுதிற் பாய்ந்து முன்கால்களால் அணைத்து, கீழ்நோக்கி இறங்கும் இரு கொடுக்குப் பற்களை ஊன்றி நஞ்சைச் செலுத்தும். ஓடித் துரத்துவதில் இது வலிமையைச் செலவிடுவதில்லை. காத்திருத்தலே இதன் வேட்டை.

இரையைக் கொன்றபின் நிகழ்வது இன்னும் வியப்புக்குரியது. நாம் உணவை வாயிலிட்டு மென்று, வயிற்றிற் செரிக்கச் செய்கிறோம். சிலந்தியோ திடப்பொருள் எதனையும் விழுங்க இயலாதது. ஆகவே அது செரிமான நீரை இரையின்மேல் உமிழ்ந்து, பற்களால் பிசைந்து, உடலுக்கு வெளியிலேயே உணவைக் குழம்பாக்குகின்றது. அக்குழம்பை வாயைச் சூழ்ந்த மயிர்கள் வடிகட்ட, உள்ளேயிருக்கும் உறிஞ்சும் இரைப்பை துருத்திபோல் விரிந்தும் சுருங்கியும் இழுத்துக்கொள்ளும். ஒரு பெரிய கரப்பானை உண்டு முடிக்கப் பல மணி நேரம் ஆகும். முடிவில் எஞ்சுவது செரியாத ஓடும் காலும் சிறகும் திரண்ட ஓர் உருண்டை மட்டுமே. பெட்டியில் அவ்வுருண்டையைக் கண்டால் சிலந்தி உண்டது என அறியலாம்.

இவை பறவையைத் தின்பன என்று ஒரு கீர்த்தியும் உண்டு. மரியா சிபில்லா மேரியன் என்னும் அம்மையார் தென்னமெரிக்காவின் சுரிநாம் நாட்டிற்குச் சென்று பூச்சிகளை ஆராய்ந்து 1705-ஆம் ஆண்டில் வெளியிட்ட சித்திர நூலில், கொய்யா மரக்கிளையில் ஒரு பெருஞ்சிலந்தி சிறு பறவையைப் பற்றியிருக்கும் காட்சியைத் தீட்டினார். பின்வந்தோர் பலர் அதனைக் கட்டுக்கதை என இகழ்ந்தனர். அமேசான் காடுகளில் பதினோராண்டு உழைத்த பேட்ஸ் என்பார், சிலந்தியிடம் அகப்பட்ட சிறு பறவைகளைத் தம் கண்ணாற் கண்டதாக 1863-இல் எழுதியபின் அவ்வம்மையாரின் சொல் மதிப்புப் பெற்றது. ஆயினும் அது அரிதாக நிகழ்வது. பெருஞ்சிலந்திகளின் நாடோறும் உணவு பூச்சிகளே. எப்பொழுதேனும் சிறு தவளையோ பல்லியோ அகப்படுவதுண்டு.

இத்துணை ஆற்றலோடு வேட்டையாடும் உயிர் மாதக்கணக்கில் உண்ணாதிருப்பது ஏன்? இவ்வினாவின் தலையாய விடை தோலுரித்தலில் அடங்கியுள்ளது. நமக்கு எலும்பு உள்ளே. சிலந்திக்கோ உடலைத் தாங்கும் கூடு வெளியே. அக்கூடு உடலோடு வளர்வதில்லை. ஆதலின் வளரவேண்டுமாயின் பழைய கூட்டைக் கழற்றிவிட்டுப் புதியது அணிய வேண்டும். குஞ்சுகள் ஓராண்டிற் பலமுறை உரிக்கும். வளர்ந்த பெண் சிலந்தி ஏறக்குறைய ஆண்டுக்கொருமுறை அல்லது அதனினும் அரிதாக உரிக்கும்.

தோலுரித்தல் என்றதும் பாம்பு சட்டை உரிப்பதை நினைவோம். சிலந்தியின் செயல் அதனினும் கடினமானது. புறத்தோலோடு அதன் கொடுக்குப் பற்களும் கழல்கின்றன. வாயின் உட்புறமும், தொண்டையின் உட்புறமும், உறிஞ்சும் இரைப்பையின் உள்ளுறையுங்கூடக் கழன்று வருகின்றன. கழித்த தோலை நீரில் நனைத்து மெல்ல விரித்துப் பார்ப்பவர் பற்கள் இரண்டும் அதில் அப்படியே நிற்பதைக் காணலாம். உண்ணுதற்குரிய கருவிகள் அனைத்தும் புதுப்பிக்கப்படும் காலத்தில் எவ்வாறு உண்பது? அடுப்பை இடித்துக் கட்டும் நாளில் வீட்டில் உலை ஏற்றுவாரில்லை. இதுவே சிலந்தியின் பட்டினிக்கு மூலகாரணம்.

இப்பட்டினி தோலுரிப்பதற்கு முன்னரே தொடங்கிவிடும். குஞ்சுகள் சில நாட்களே உண்ணாதிருக்கும். பெரியவை பல வாரங்கள், சிலவேளை சில மாதங்கள். அக்காலத்தில் பழைய தோலின் அடியிற் புதிய தோல் உருவாகின்றது. நிறம் மங்கும், நடை தளரும், பொந்தின் வாயிலை நூலால் அடைத்துக்கொள்வதும் உண்டு. அமெரிக்க இனங்கள் பலவற்றில் வயிற்றின்மேல் மயிர் உதிர்ந்த இடம் கறுத்துத் தோன்றும். நம் நாட்டு இனங்களுக்கு உதிர்த்தெறியும் அரிப்பு மயிர் இல்லாமையால் அவ்வடையாளம் இவற்றிற் காண்பதற்கில்லை. பின்னர் ஒருநாள் அது மெல்லிய நூற்படுக்கை ஒன்று அமைத்து மல்லாந்து படுக்கும். கண்டவர் இறந்ததென்றே எண்ணுவர். அவ்வமயம் தொடுதலும் புரட்டுதலும் கூடா. சில மணி நேரத்தில் பழைய தோல் திறந்து, வெளிறிய மெல்லுடலோடு புதுச் சிலந்தி வெளிப்படும். அப்பொழுது அதன் பற்கள் பால்போல் வெண்மையாகவும் மென்மையாகவும் இருக்கும். அவை சிவந்து, பின் கறுத்து, கெட்டிப்பட்ட பின்னரே வேட்டைக்குதவும். வளர்ந்த சிலந்திக்கு இதற்கு ஒன்று அல்லது இரண்டு வாரங்கள் ஆகலாம். சுவர்க்கோழியாலும் அதனைக் கொல்ல முடியும் காலம் இதுவே. எம் நண்பரின் முதற் சிலந்தி இந்நிலையிலேதான் மாண்டது.

இவ்வளவு நாள் உண்ணாது உயிர் தாங்குவது எங்ஙனம் என்று ஐயம் எழலாம். எறையூர் போன்ற வானம் பார்த்த பூமியில் வளர்ந்தவர்க்கு இதனை விளக்குதல் எளிது. அறுவடைக் காலத்திற் குதிரை நிரப்பி, அடுத்த விளைச்சல் வரையில் அதிலிருந்தே எடுத்துண்பது உழவர் வழக்கம். சிலந்தியின் வயிறும் ஒரு குதிரே. அதன் உணவுக் குடலிலிருந்து கிளைத்த பைகள் வயிறெங்கும் பரவி, உண்டதன் சத்தைச் சேமித்து வைக்கின்றன. செலவோ மிகச் சொற்பம். அது உடலைச் சூடாக வைத்துக்கொள்ள வேண்டுவதில்லை, பகலெல்லாம் அசையாதிருக்கின்றது, ஓய்விலிருக்கும்போது அது செலவிடும் சக்தி, அதன் பருமனுள்ள பிற சிற்றுயிர்களின் செலவினும் குறைவு. முதல் மழைக்குப்பின் ஈசல் மொய்க்கும் இரவுகளும், பூச்சி அரிதாகும் கோடைநாட்களும் மாறி மாறி வரும் நாட்டில், கிடைத்தபோது நிறைய உண்டு கிடையாதபோது அடங்கியிருக்கும் உயிரே நிலைபெறும். ஆகவே அதன் பட்டினியும் அதன் பசியைப் போன்றே உடலமைப்பின் ஒரு பகுதி என்க.

தோலுரித்தலேயன்றி வேறு காரணங்களும் உண்டு. குளிர் மிகுந்தால் சிலந்தியின் உடற்தொழில் மந்தமாகிப் பசி குறையும். முட்டைப்பையைக் காக்கும் தாய் பெரும்பாலும் உணவை நாடாது. ஆண் சிலந்தி தன் இறுதித் தோலை உரித்துப் பருவமடைந்தபின், உணவைச் சிறிதளவே கொண்டு துணையைத் தேடி அலையும். அதன் எஞ்சிய வாழ்நாளும் குறுகியதே. இடம் மாறியதால் சில நாள் உண்ணாதிருத்தலும் இயல்பு. சிலி நாட்டு ரோஜாச் சிலந்தி எவ்வித நோயுமின்றி மாதக்கணக்கில் உண்ண மறுப்பதில் வளர்ப்போரிடையே பெயர்பெற்றது. ‘லங்கணம் பரம ஔஷதம்’ என்று நம் முன்னோர் நோயாளிக்குச் சொன்னதை, இச்சிலந்தி நோயின்றியே கைக்கொள்ளுகின்றது போலும்!

ஆயின், இயல்பான பட்டினியையும் ஆபத்தையும் பிரித்தறிவது எங்ஙனம்? வயிற்றைப் பார்க்க. வயிறு திரண்டு உருண்டையாக இருக்குமளவும் உண்ணாமை பற்றிக் கவலையில்லை. வயிறு சுருங்கித் திரைந்து காணப்பட்டால் கவனிக்க வேண்டும். அப்பொழுதும் முதலில் நினைக்க வேண்டுவது உணவன்று, தண்ணீர். சிலந்தி தன் கால்களை மடக்குவது தசையினால். நீட்டுவதோ உடலினுள்ளிருக்கும் குருதிநீரின் அழுத்தத்தால். நீர் வற்றினால் அழுத்தம் குறையும். கால்கள் நீளமாட்டாமல் உடலின் கீழ்ச் சுருண்டுகொள்ளும். உணவின்றி மாதங்கள் தாங்கும் உயிர் நீரின்றி அவ்வாறு தாங்காது. ஆகவே ஆழமில்லாத ஒரு சிறு கிண்ணத்தில் எந்நாளும் தூய நீர் இருத்தல் வேண்டும்.

உணவிடும் முறையும் எளிதே. குஞ்சுகள் வளர்பவை, ஆதலின் வாரத்திற்கு ஓரிருமுறை சிற்றிரை வேண்டும். வளர்ந்தவைக்கு வாரம் அல்லது பத்து நாளைக்கொருமுறை போதும். இரை சிலந்தியின் உடலினும் பெரிதாயிருத்தல் நன்றன்று. ஒரு நாளுக்குள் உண்ணாவிடின் இரையை எடுத்துவிட வேண்டும். சிலந்தி மல்லாந்து கிடப்பினும், பற்கள் வெளுத்திருப்பினும் இரையிடவே கூடாது. வாயைத் திறந்து ஊட்டுவதென்பது நினைக்கவும் தகாதது. திடவுணவை ஏற்கும் வாயே அதற்கில்லையன்றோ? வயல்வெளியிற் பிடித்த பூச்சிகளையும் இடலாகாது. பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் தெளித்த பூச்சிமருந்து அவற்றின் உடலில் ஒட்டியிருக்குமாயின், பூச்சியைக் கொல்லும் மருந்து சிலந்தியையும் கொல்லும்.

பசி கண்டு அஞ்சுவோர் சிலராக, அது பாய்ந்துண்ணும் காட்சியின் இன்பங்கருதி அளவின்றி இரையிடுவோரும் உளர். இடுமளவும் உண்டு வயிறு பருத்த சிலந்தி சிறிது உயரத்திலிருந்து விழுந்தாலும் வயிற்றின் மென்தோல் கிழிந்து இறக்க நேரிடும். தரையில் வாழும் பருத்த இனங்களுக்கு இவ்வாபத்து மிகுதி. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்னும் பழமொழி இவ்வுயிருக்கும் பொருந்தும். பட்டினியால் இறப்பதினும் வளர்ப்போரின் அன்பால் இறப்பது இவற்றுக்கு எளிது என்று யாம் நண்பருக்கு எழுதினோம். சற்றுக் கடுமையான வாக்கியமே. ஆயினும் அவர் அதனைப் பிழையாகக் கொள்ளவில்லை.

யாம் எழுதியவாறே அவர் பெட்டியிலிருந்த சுவர்க்கோழிகளை அகற்றி, நீர்க் கிண்ணத்தை நிரப்பி, வேறொன்றும் செய்யாதிருந்தார். வேறொன்றும் செய்யாதிருத்தலே தமக்கு மிகக் கடினமான தொழிலாயிற்று என்று பின்னர் எழுதினார். ஏறத்தாழ மூன்று வாரம் கழித்து ஒருநாட் காலை, மரப்பட்டையின் பின்னே இரண்டு சிலந்திகள் இருக்கக் கண்டு திடுக்கிட்டாராம். ஒன்று உயிர், மற்றொன்று வெறுந்தோல். அதன்பின்னும் பன்னிரண்டு நாள் பொறுத்து, பற்கள் கறுத்தமை கண்டு ஒரு கரப்பானை விட்டார். அரக்கோணத்தாள் பாய்ந்த விரைவைத் தம் கண் தொடர இயலவில்லை என்று அவர் மடல் முடிகின்றது.

இங்கு நம் மாணவர்க்கு ஒரு சொல். இதனைப் படித்தவர் எவரேனும் மலையடிவாரத்து மரப்பொந்துகளில் இச்சிலந்தியைத் தேடிப் பிடித்து வளர்க்க எண்ணுவராயின் அது தகாது. மரங்கள் அழிவதாலும், வெளிநாட்டு வாணிகத்துக்காகப் பிடிக்கப்படுவதாலும் இவற்றுட் சில அருகிவருகின்றன. கூத்தியின் நீலச் சிலந்தி ஒரு நூற்றாண்டுக்கு மேல் எவர் கண்ணிலும் படாதிருந்து 2001-ஆம் ஆண்டில் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில் மீண்டும் காணப்பட்டது. 2008-இல் அற்றுப்போகும் தறுவாயிலுள்ள உயிராகக் குறிக்கப்பட்டது. போசிலோதீரியா இனங்கள் அனைத்தும் 2019-ஆம் ஆண்டு முதல் அரிய உயிர்களின் வாணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இடம்பெற்றுள்ளன. 2022-இல் திருத்தப்பெற்ற நம் நாட்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அவ்வுடன்படிக்கைக்குட்பட்ட உயிர்களைத் தன் வரம்பினுட் கொண்டுள்ளது. அன்றியும் போசிலோதீரியா கடித்தால் கடும் வலியும் தசைப்பிடிப்பும் நாட்கணக்கில் வருத்தும். ஆதலின் கண்டால் கொல்லவும் வேண்டா, கையால் தீண்டவும் வேண்டா. ஒதுங்கி நின்று காண்பதே அறிவுடைமை.

காண்பதற்கு மலைக்கும் போகவேண்டுவதில்லை. நம் விடுதிச் சுவரில் இரவில் வந்து அசையாதமரும் கைப்பெரு வீட்டுச் சிலந்தி இப்பெருஞ்சிலந்திகளுக்குத் தூரத்து உறவு. அதுவும் காத்திருந்து கரப்பானைப் பிடித்து, உரியகாலத்திற் பட்டினி கிடந்து தோலுரிப்பதே. துடைப்பத்தை எடுப்பதற்குமுன் ஓர் இரவு அதனை உற்றுநோக்குக. அது உண்பதை மட்டுமன்று, உண்ணாதிருப்பதையும் பார்க்கக் கற்றவர், ‘பசிக்குமே’ என்று தம் வயிற்றைக் கொண்டு பிறிதோர் உயிரை அளக்கும் பிழையினின்று ஒருபடியேனும் விலகுவர்.